ஆறு மில்லிவோல்ட் வந்த வழி

சென்னை ரிச்சி தெருவில் கண்டென்சர் மைக் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் அலுமினியக் குப்பி. விட்டம் பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முகப்பில் கறுப்புத் துணி வட்டம், பின்புறம் சின்னச் சில்லு, அதில் இரண்டு ஈயப் பொட்டுகள். ஒரு பொட்டிலிருந்து செம்புக் கோடு போய்க் குப்பியின் விளிம்பைத் தொட்டிருக்கும், அது மைனஸ். மற்றது பிளஸ். இவ்வளவுதான் வெளியே தெரிவது. டேப் ரெக்கார்டரின் மூலையில் ஊசித் துளைக்குப் பின்னால் இருந்ததும், காலர் மைக்கின் நுரைத் தொப்பிக்குள் இருப்பதும், வாசல் இன்டர்காமில் “யாரு?” என்ற கேள்விக்கு நம் பதிலைக் கேட்பதும் இதுவே. இதன் முழுப்பெயர் எலக்ட்ரெட் கண்டென்சர் மைக்ரோபோன்.

இதன் முன்னால் ஒருவர் பேசினால் எவ்வளவு வோல்ட் வரும்? முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்குத் தப்பான விடையை வைத்துக்கொண்டு நான் ஒரு பெட்டி செய்தேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆசிரியை இருந்தார். அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஓட்டுக் கூரை, வெளியே சாலை, உள்ளே ஐம்பது பிள்ளைகள். தொண்டையில் புண் வந்து, உரக்கப் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கிகள் இன்றுபோல் எளிதாகக் கிடைக்காத காலம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த என்னிடம், “தம்பி, உன்னால ஏதாவது செஞ்சு தர முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்றேன். ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போய் மைக்கை வாங்கினேன். கடைக்காரர் அதோடு ஒரு ஜெராக்ஸ் தாளும் கொடுத்தார். அதில் மைக்கின் உணர்திறன் −64 டெசிபல் என்று அச்சாகியிருந்தது. அந்த எண்ணை மில்லிவோல்ட்டாக மாற்றினேன், பெருக்கத்தைக் கணக்கிட்டேன், பெட்டியை முடித்தேன். வகுப்பில் சுவிட்சைப் போட்டதும் டீச்சரின் குரல் கிழிந்துகொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஊளையிட ஆரம்பித்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். “பரவாயில்லப்பா, ஆனா இது என் குரல் மாதிரி இல்ல” என்றார் டீச்சர்.

எங்கே தவறினேன் என்று சொல்வதற்கு முன், அந்த எண்ணுக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மைக்கின் வாழ்க்கை வரலாறே அதற்குள் இருக்கிறது.

கதை மெழுகில் தொடங்குகிறது. 1730களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே மெழுகையும் பிசினையும் கந்தகத்தையும் உருக்கி ஆறவைத்து, அவை பொருட்களை ஈர்க்கும் தன்மையை நெடுநாள் இழக்காமல் வைத்திருப்பதைக் குறித்துவைத்தார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1885இல், ஆலிவர் ஹெவிசைடு அப்படிப்பட்ட பொருளுக்குப் பெயர் வைத்தார். காந்தத்துக்கு மேக்னெட் என்றால், மின்னேற்றத்தை நிரந்தரமாக ஏந்தியிருப்பதற்கு எலக்ட்ரெட். பெயர் வந்துவிட்டது, பொருளை வேண்டும்போது செய்துகொள்ளும் வழி வரவில்லை. அதைக் கொண்டுவந்தவர் ஜப்பானிய இயற்பியலாளர் மோதோதாரோ எகுச்சி. 1919 வாக்கில் அவர் பிரேசில் பனையிலிருந்து வரும் கார்னூபா மெழுகோடு பிசினும் தேன்மெழுகும் கலந்து உருக்கினார். உருகிய நிலையிலேயே அதை வலுவான மின்புலத்தில் வைத்து, அப்படியே இறுகவிட்டார். உருகிய மெழுகில் மின்புலத்துக்கேற்பத் திரும்பி நின்றவை இறுகிய பிறகும் அப்படியே நின்றன. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வில்லையின் ஒரு முகம் நேர்மின்னேற்றத்தோடும் மறுமுகம் எதிர்மின்னேற்றத்தோடும் இருந்தன. ஊறுகாய் போடுவதைப் போல, மின்புலத்தை மெழுகுக்குள் போட்டு மூடிவைத்துவிட்டார் எகுச்சி.

ஒலிவாங்கிக்கு இது எதற்கு? பெல் குழுமத்தில் இ. சி. வென்ட் 1916இல் உருவாக்கிய கண்டென்சர் மைக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு தகடுகள், அவற்றில் ஒன்று மெல்லிய சவ்வு. இரண்டுக்கும் இடையே உயர் மின்னழுத்தத்தை நிறுத்திவைத்தால், ஒலி பட்டுச் சவ்வு அசையும்போதெல்லாம் இடைவெளி மாறும், அதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்கும். ஒலியைத் துல்லியமாகப் பிடிக்க அதற்கு இணை கிடையாது. ஆனால் அந்த உயர் மின்னழுத்தத்துக்காக ஒரு பேட்டரிப் பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். தகடு தானே மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் களக் கருவிகளில் மெழுகு எலக்ட்ரெட் மைக்குகள் இருந்தன. மெழுகோ தடிமனானது. அதைக்கொண்டு மெல்லிய சவ்வு செய்ய முடியாது. ஈரக் காற்றில் மின்னேற்றமும் ஒழுகிப்போகும்.

விடை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மர்ரே ஹில் என்ற இடத்திலிருந்த பெல் ஆய்வகத்தில் கிடைத்தது. அதைக் கண்டவர்கள் இருவர், இருவரும் 1931 பிப்ரவரியில் பிறந்தவர்கள். கெர்ஹார்ட் செஸ்லர் ஜெர்மானியர். கோட்டிங்கனில் முனைவர் பட்டம் முடித்து 1959இல் பெல்லுக்கு வந்தவர். ஜேம்ஸ் வெஸ்ட் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று வெஸ்ட் சொன்னபோது வீட்டில் பயந்தார்கள். வேதியியலிலும் இயற்பியலிலும் முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர் சிலரிடம் அப்பா அவரை அழைத்துப்போய்க் காட்டினார். அவர்களுக்குக் கிடைத்த மிக நல்ல வேலை அஞ்சல் அலுவலகத்தில். மருத்துவம் படி, தென்மாநிலங்களில் கறுப்பின மருத்துவருக்காவது பிழைப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. வெஸ்ட் கேட்கவில்லை. இந்தக் குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அஞ்சல் அலுவலகம் நினைவுக்கு வரும். அன்று அவர் வீட்டார் சொன்னதைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோடை விடுமுறைப் பயிற்சிக்காகப் பெல்லுக்கு வந்த வெஸ்டிடம் கொடுத்த வேலைக்கும் மைக்குக்கும் தொடர்பே இல்லை. இரு காதுகளுக்கு ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டை மனிதரால் எவ்வளவு நுணுக்கமாக உணர முடியும் என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மிகச் சுத்தமான ‘டிக்’ ஒலி தரும் ஹெட்போன் வேண்டும். ஜெர்மானியர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பார்த்து, பிளாஸ்டிக் படலத்தைச் சவ்வாக வைத்து, சுமார் 500 வோல்ட் பேட்டரியோடு வெஸ்ட் ஹெட்போன் செய்தார். அருமையாக வேலை செய்தது. சில மாதங்களில் ஒலி குறைந்துபோயிற்று. ஏன் என்று தேடும்போது பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார், ஒலி மீண்டது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் ஒலி வந்தது. வரவே கூடாத இடத்தில் வந்தது. பிளாஸ்டிக் படலம் தனக்குள் மின்னேற்றத்தைச் சேர்த்துவைத்திருந்தது. அதுவே முதலில் பேட்டரிக்கு எதிராக நின்று ஒலியைக் குறைத்தது, பிறகு பேட்டரி இல்லாமலேயே ஒலியைத் தந்தது.

பழுதை மட்டும் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகாமல், அந்தப் பழுதின் காரணத்தையே செஸ்லரும் வெஸ்டும் கருவியாக்கினார்கள். 1962இல் பிளாஸ்டிக் படல எலக்ட்ரெட் மைக் பிறந்தது. காப்புரிமை 1964 ஜனவரி 14இல் கிடைத்தது, எண் 3,118,022. முதலில் அவர்கள் பயன்படுத்தியது மைலார். பிறகு டெஃப்லான் வகைப் படலத்துக்கு மாறினார்கள். நம் வீட்டுத் தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொருளின் உறவு அது. தண்ணீரை அண்டவிடாது, மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குள் சிக்கிய மின்னேற்றம் ஆண்டுக்கணக்கில் வெளியேற வழி தெரியாமல் அங்கேயே கிடக்கும். எகுச்சியின் மெழுகு செய்ய முடியாமல்போனதைத் தலைமுடியைவிட மெல்லிய இந்தப் படலம் செய்தது.

ஆனால் மின்னேற்றம் மட்டும் இருந்தால் போதாது. குப்பிக்குள் சவ்வும் தகடும் சேர்ந்த மின்தேக்கம் பத்து பிகோஃபாரட் அளவுக்குத்தான் வரும். அதிலிருந்து நேராக ஒரு மீட்டர் ஷீல்டு வயரை இழுத்தால், வயரின் மின்தேக்கமே நூறு பிகோஃபாரட்டைத் தொடும். ஆழாக்குப் பாலை அண்டா நீரில் ஊற்றியதுபோல் சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காக நீர்த்துவிடும். ஆகவே முதல் பெருக்கி சவ்வின் முதுகிலேயே ஒட்டியிருக்க வேண்டும். வால்வுகளின் காலத்தில் அது நடக்காத காரியம். 1960களில் எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டர் வகை பரவியபோதுதான் நடந்தது. அரிசி மணி அளவுள்ள அந்த டிரான்சிஸ்டர், தன் வாசலில் வந்து நிற்கும் மின்னழுத்தத்திலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. வெளியே நாம் 2 அல்லது 3 வோல்ட் கொடுப்பது இந்த எஃப்.இ.டி.க்குத்தான், சவ்வுக்கு அல்ல. மைக்குக்குப் பேட்டரி வேண்டாம் என்றார்களே, பிறகு ஏன் பேட்டரி என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சவ்வின் சோறு தொழிற்சாலையிலேயே ஊட்டப்பட்டுவிட்டது. நாம் போடுவது உள்ளே இருக்கும் எழுத்தருக்கான கூலி.

1968இல் சோனி நிறுவனம் எலக்ட்ரெட் மைக்குகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதன்பின் நடந்தது வெள்ளம். கேசட் ரெக்கார்டர், தொலைபேசி, காதுக்கருவி, கணினி என்று எங்கும் போயிற்று. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேல் செய்தார்கள். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டேப் ரெக்கார்டரோடு ஊருக்கு வந்தவர்கள் ‘கண்டென்சர் மைக் உள்ளேயே இருக்கு’ என்று பெருமையோடு சொன்னது இந்தக் குப்பியைத்தான். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய எத்தனையோ வீடுகளின் குரல்கள் இதன் வழியாகத்தான் கடல் தாண்டின.

இனி எண்ணுக்கு வருகிறேன்.

இன்று இந்த அளவுள்ள குப்பிகளின் டேட்டா ஷீட்டில் பெரும்பாலும் −44 டெசிபல் என்று போட்டிருக்கும், இரண்டு மூன்று டெசிபல் கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற குறிப்போடு. அதன் பொருள்: ஒரு பாஸ்கல் ஒலியழுத்தம் சவ்வின் மேல் பட்டால், வெளிவரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டிலிருந்து 44 டெசிபல் கீழே. ஒவ்வொரு 20 டெசிபல் இறக்கத்துக்கும் பத்தில் ஒன்று. ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் பாதி. கால்குலேட்டர் இல்லாமலேயே போட்டுவிடலாம். −40 என்றால் 10 மில்லிவோல்ட். −46 என்றால் 5. இரண்டுக்கும் நடுவில் −44, அது 6.3 மில்லிவோல்ட். இரண்டு டெசிபல் ஏற்ற இறக்கம் என்றால் 5 முதல் 7.9 வரை எதுவும் வரலாம். ஒரே பையில் வாங்கிய இரண்டு மைக்குகள் ஒன்றரை மடங்கு வித்தியாசப்படலாம், இரண்டும் சரியானவையே.

ஒரு பாஸ்கல் எவ்வளவு? நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. ஒலியாக அது 94 டெசிபல். மிக்ஸி ஓடும்போது ஒட்டி நிற்பவர் காதில் விழுவதற்கு அருகில் வரும். பேச்சு அவ்வளவு பெரிய ஒலி அல்ல. ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசுபவரின் குரல் சுமார் 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது 0.02 பாஸ்கல், காற்றழுத்தத்தில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. 6.3 மில்லிவோல்ட்டில் அதற்குரிய பங்கைப் பார்த்தால் 0.126 மில்லிவோல்ட்.

புதிதாகச் செய்பவர்கள் திகைப்பது இங்கேதான். ஆர்டுயினோ பலகையில் மைக்கை நேராக இணைத்துவிட்டு, எண் அசையவே இல்லையே என்பார்கள். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும் அந்தப் பலகைக்கு ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். நம் பேச்சோ அந்தப் படியின் நாற்பதில் ஒரு பங்கு. மைக்கில் பழுது இல்லை. எறும்பின் எடையைத் தேங்காய் மண்டித் தராசில் பார்க்க முடியுமா?

தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும் என்பது அடுத்த கணக்கு. திறந்த வெளியில் இது சரியாக வரும். சுவர் சூழ்ந்த அறையில் வாய்க்கு அருகில் இருக்கும்வரை ஏறக்குறையச் சரியாக வரும். வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில், புடவைத் தலைப்பில் குத்திய மைக்குக்கு, ஒரு மீட்டரைவிட 14 டெசிபல் கூடுதல். 74 டெசிபல், 0.1 பாஸ்கல், 0.63 மில்லிவோல்ட். இது சராசரி. பேச்சு சீராக ஓடும் ஒலி கிடையாது. வல்லினத்தில் வெடிக்கும், உயிரெழுத்தில் விரியும். உச்சங்கள் சராசரியைவிட நான்கு மடங்கு போகும் என்று இடம்விட வேண்டும். ஆக, டீச்சரின் மைக்கிலிருந்து 2.5 மில்லிவோல்ட் உச்சம். அடுத்து வரும் ஸ்பீக்கர் பெருக்கிக்கு அரை வோல்ட் உச்சம் போதும். 200 மடங்கு பெருக்கினால் வேலை முடிந்தது.

நான் பெருக்கியதோ 2000 மடங்குக்கும் மேல். இரண்டு நிலைகள், ஒவ்வொன்றும் 45 மடங்கு.

பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தருகே ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அண்ணனிடம் போனேன். அவர் பெட்டியைத் திறக்கவில்லை. “எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுத்தானே செஞ்ச? அந்தக் கணக்கக் காட்டு” என்றார். காட்டினேன். −64, எனவே பாஸ்கலுக்கு 0.63 மில்லிவோல்ட், எனவே டீச்சர் குரலுக்கு 0.063. ஜெராக்ஸ் தாளையும் கேட்டு வாங்கினார். எண்ணுக்குக் கீழே, மங்கிப்போன பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தார். அங்கே ‘ஒரு மைக்ரோபாருக்கு ஒரு வோல்ட்’ என்று இருந்தது. பாஸ்கல் என்று இல்லை.

பழைய அளவு முறை அது. பாஸ்கல் புழக்கத்துக்கு வருமுன் ஒலியழுத்தத்தை மைக்ரோபாரில்தான் அளந்தார்கள். ஒரு பாஸ்கல் என்பது பத்து மைக்ரோபார். பத்து மடங்கு என்றால் 20 டெசிபல். ஆகவே மைக்ரோபார் கணக்கில் −64 என்றிருப்பது பாஸ்கல் கணக்கில் −44. ஒரே மைக், ஒரே சவ்வு, ஒரே சிக்னல்; கோலை மாற்றிப் பிடித்தால் எண் மாறும். நான் கோலைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். உண்மையில் வந்த சிக்னல் நான் நினைத்ததைவிடப் பத்து மடங்கு. அதை 2000 மடங்கு பெருக்கினால் உச்சம் 5 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெருக்கி நடுவிலிருந்து மேலே நான்கு, கீழே நான்குகூடப் போக முடியாது. அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டன. டீச்சரின் குரல் கிழிந்தது அதனால்தான். ஊளையும் அதே பெருக்கத்தின் பிள்ளை. ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்கில் மறுபடி நுழைந்து சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நிலையின் பெருக்கத்தை 45இலிருந்து நாலரைக்குக் குறைத்தோம். ஒரு ரெசிஸ்டர் மாற்றம். அவ்வளவுதான்.

அண்ணன் அன்று இன்னும் இரண்டு விஷயம் காட்டினார். இன்றுவரை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவை அவை. ஒன்று, டேட்டா ஷீட் எண்ணுக்கு அருகிலேயே ‘2.2 கிலோஓம்’ என்று இருக்கும் ரெசிஸ்டர். எஃப்.இ.டி. தருவது மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை. அதை மின்னழுத்தமாக்குவது வெளியே நாம் போடும் இந்த ரெசிஸ்டர். அதை 4.7 கிலோஓமாக்கினால் சிக்னலும் ஏறக்குறைய இரட்டிக்கும், 6 டெசிபல் கூடும். எல்லையில்லாமல் ஏற்றவும் முடியாது. ஓய்வில் இருக்கும்போதே மைக் 0.3 மில்லியாம்பியர் இழுத்தால் 2.2 கிலோஓமில் 0.66 வோல்ட் விழும். 10 கிலோஓமில் 3 வோல்ட் விழும். 3 வோல்ட் பேட்டரியில் அப்புறம் எஃப்.இ.டி.க்கு என்ன மிஞ்சும்? அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து இந்த வீழ்ச்சியை அளப்பதுதான் மைக்குக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனை. கண்டபடி சூடுவைத்துச் சால்டர் செய்து கெடுத்த மைக்குகளில் பல இந்தச் சோதனையிலேயே பிடிபடும்.

இரண்டாவது, மின்சாரத்தின் சுத்தம். அந்த ரெசிஸ்டரின் மேல்முனை பவர் சப்ளையில் இருக்கிறது, கீழ்முனைதான் சிக்னல். சப்ளையில் ஏதாவது அலை இருந்தால் அது ஏறக்குறைய முழுதாகச் சிக்னலில் வந்து விழும். அடாப்டரில் 5 மில்லிவோல்ட் ஹம் இருந்தால் வேறெங்கும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அது டீச்சரின் குரலைவிட எட்டு மடங்கு. மைக்குக்குப் போகும் சப்ளையில் ஒரு கிலோஓமும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டு வடிகட்டினால் அடங்கிவிடும். பலர் மைக்கைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; இந்த இரண்டு பொருளும் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

கீழ் எல்லையையும் கணக்கிட்டுவிடலாம். மைக் தனக்குத்தானே எழுப்பும் இரைச்சல், 94 டெசிபல் ஒலிக்கு அது தரும் சிக்னலைவிட 60 டெசிபல் கீழே என்று டேட்டா ஷீட் சொல்லும். ஆயிரத்தில் ஒன்று, 6.3 மைக்ரோவோல்ட். ஒலியாகச் சொன்னால் 34 டெசிபல், இரவில் அமைதியான அறையின் அளவு. அதைவிட மெல்லிய ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் இந்தக் குப்பியில் ‘ஸ்’ என்ற இரைச்சல்தான் கேட்கும். இலை உதிரும் சத்தத்தைப் பதிய வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டபோது, பெருக்கியைப் பற்றிப் பேசாமல் இந்த எண்ணைத்தான் காட்டினேன். அதிக உணர்திறனும் குறைந்த இரைச்சலும் உள்ள குப்பிகளும் இருந்தன. பானசோனிக்கின் டபிள்யூ.எம்-61ஏ ஆறு மில்லிமீட்டர் விட்டத்திலேயே −35 டெசிபல், அதாவது பாஸ்கலுக்கு ஏறக்குறைய 18 மில்லிவோல்ட் தந்தது. பறவைக் குரல் பதிபவர்களும் ஸ்பீக்கர் அளப்பவர்களும் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், எனக்கு அது ஒரு தனிப்பட்ட இழப்பு போலவே இருந்தது.

கைபேசிகளுக்குள் இப்போது சிலிக்கன் மைக்குகள். ஜெர்மனிக்குத் திரும்பி டார்ம்ஸ்டாட்டில் பேராசிரியராக இருந்த செஸ்லர்தான் 1980களின் தொடக்கத்தில் அந்த வகைக்கும் வழிதிறந்தவர்களில் ஒருவர். தன் குழந்தையை ஓரங்கட்டப்போகும் தம்பிக்கும் அவரே தொட்டில் கட்டினார். வெஸ்ட் பெல்லில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அலுமினியக் குப்பி இன்னும் ரிச்சி தெருவில் இருக்கிறது.

டீச்சர் ஓய்வுபெற்று வெகுநாளாயிற்று. வீட்டை மாற்றும்போது பரணிலிருந்து அந்தப் பெட்டி கிடைத்தது என்று போன ஆண்டு கொண்டுவந்து கொடுத்தார். பேட்டரி முனை பச்சை பூத்திருந்தது. ஸ்பீக்கர் கூம்பை எலி தின்றிருந்தது. மைக்கை மட்டும் கழற்றி, 2.2 கிலோஓம் போட்டு, 3 வோல்ட் கொடுத்தேன். ரெசிஸ்டரில் வீழ்ச்சி சரியாக இருந்தது. எஃப்.இ.டி. உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி; சவ்வில் தொழிற்சாலை ஏற்றிய மின்னேற்றம் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஆசிலோஸ்கோப்பை இணைத்துவிட்டு, ஓர் அடிக்கோலால் 20 சென்டிமீட்டர் அளந்து, டீச்சரைப் பேசச் சொன்னேன்.

“என்னத்தப்பா பேசுறது?”

“வருகைப் பதிவு எடுங்க டீச்சர்.”

அவர் எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் பச்சைக் கோடு எழுந்து எழுந்து அமர்ந்தது. உச்சங்கள் இரண்டுக்கும் இரண்டரை மில்லிவோல்ட்டுக்கும் இடையில் இருந்தன.